திறனாய்வும் ஊர்விலக்கும்: கத்தி மகேஷின் சமூக ஊடக எழுத்தை முன்வைத்து

முன்னுரை

நூல் மதிப்புரை, திரைப்படத் திறனாய்வு, கலை பற்றிய கருத்து, சமூக நீதி குறித்த வாதம் ஆகியன அச்சுலகில் தனித்தனி இடங்களைப் பெற்றிருந்தன. மதிப்புரைக்கு வார, மாத இதழ்களின் சில பக்கங்களும், திறனாய்வுக்கு ஆய்விதழ்களும், சமூக நீதிக்கு மேடையும் துண்டறிக்கையும் உரியனவாக இருந்தன. வலைப்பூவும் முகநூலும் இப்பாகுபாட்டைக் குலைத்தன. ஒருவரே காலையில் ஒரு நூலை மதிப்பிடுகிறார். மாலையில் சாதிக்கொடுமை ஒன்றைக் கண்டிக்கிறார். இரண்டையும் ஒரே வாசகர் கூட்டம் படிக்கிறது. இக்கலப்பினால் திறனாய்வின் தரம் தாழ்ந்துவிட்டது என்பது கல்விப்புலத்தில் பலரும் கூறும் குறையாகும். இக்குறை எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதனை, சித்தூர் மாவட்டத்தில் பிறந்து தெலுங்குத் திரைத் திறனாய்வாளராக அறியப்பட்ட கத்தி மகேஷின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சித்தூரும் திருப்பதியும் தமிழாய்வுக்கு அயலான நிலங்கள் அல்ல. தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாக வேங்கடத்தைச் சுட்டுகிறது. 1911இல் வடாற்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இரு மொழிகளும் அன்றாடம் கலந்து புழங்கும் இவ்வெல்லை நிலத்தில் தோன்றிய ஒரு திறனாய்வாளரின் அனுபவம் தமிழ்த் திறனாய்வுலகிற்கும் பயன்படும்.

சித்தூரின் திறனாய்வு மரபு

தெலுங்கில் நவீனத் திறனாய்வைத் தொடங்கிவைத்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படும் கட்டமஞ்சி இராமலிங்கா ரெட்டி (1880–1951) சித்தூரைச் சேர்ந்தவர். சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சியே அவருடைய ஊர். 1926இல் தொடங்கப்பெற்ற ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் அவர் விளங்கினார். 1914இல் வெளிவந்த அவருடைய ‘கவித்துவ தத்துவ விசாரமு’ என்னும் நூல், பிங்களி சூரனாவின் ‘களாபூர்ணோதயமு’ என்னும் காப்பியத்தை ஆராயும் போக்கில் பிரபந்த இலக்கியங்களின் மரபான மதிப்பைக் கேள்விக்கு உட்படுத்தியது. அலங்கார நூல்களை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு பழகிய புலவருலகில் அந்நூல் கடும் விவாதத்தை எழுப்பியது.

இவ்விவாதத்தின் தன்மை இவண் கருதத்தக்கது. ரெட்டியின் முடிவை ஏற்காதவர்களும் அவர் எடுத்துக்காட்டிய காப்பியத்தைக் கையில் வைத்துக்கொண்டே மறுக்க வேண்டியிருந்தது. முடிவும் அதற்குரிய சான்றும் ஒரே நூலுக்குள் இருந்தன. ஆகவே ஒரு நூற்றாண்டு கடந்தும் அவர் கருத்தை இன்றைய மாணவர் ஒருவர் சரிபார்க்க முடிகிறது; மறுக்கவும் முடிகிறது.

கத்தி மகேஷின் எழுத்துப்பணி

கத்தி மகேஷ், அன்றைய சித்தூர் மாவட்டத்தின் எல்லமந்தா என்னும் சிற்றூரில் தலித் குடும்பத்தில் பிறந்தவர். ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அவர் எழுத்து முதலில் வெளிப்பட்ட இடம் அச்சிதழ் அன்று. ‘பர்ணசாலை’ என்னும் பொருள்படும் பெயரில் அவர் நடத்திய வலைப்பூவிலும், ‘நவதரங்கம்’ என்னும் திரைப்பட இணையதளத்திலும் எழுதி வாசகரைப் பெற்றார். நூல் மதிப்புரைகளுக்கென்றே ‘புஸ்தகம்’ என்னும் தெலுங்கு இணையதளம் 2009இல் தொடங்கப்பட்டதையும் நோக்க, இதழாசிரியரின் இசைவுக்குக் காத்திராத திறனாய்வு தெலுங்கில் வேரூன்றிய காலம் அது என்பது புலனாகும். பின்னர் மகேஷின் எழுத்து முகநூலுக்கு இடம்பெயர்ந்தது. ‘மிணுகுருலு’ திரைப்படத்தின் எழுத்தில் பங்குகொண்டார். பலரிடம் நிதி திரட்டி ‘பெசரட்டு’ (2015) என்னும் படத்தை இயக்கினார். 2017இல் தொலைக்காட்சியின் ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சியில் பங்கேற்ற பின் அவர் பெயர் வீடுதோறும் அறிமுகமாயிற்று.

அவரைப் பொறுத்தவரை திரைப்படத்தை மதிப்பிடுவதும் சாதியைப் பற்றிப் பேசுவதும் வெவ்வேறு பணிகள் அல்ல. கதைத்தலைவனை மையமாகக் கொண்ட ஒரு படத்தில் யார் பேசுகிறார், யார் பேச்சற்று நிற்கிறார், பெண் எவ்வாறு காட்டப்படுகிறாள் என்று வினவும்போதே திறனாய்வு சமூக நீதியைத் தொட்டுவிடுகிறது. ஆகவே கலப்பு என்பதையே குறையாகக் கூறுவது பொருந்தாது. குறை வேறோரிடத்தில் உள்ளது.

மதிப்புரையிலிருந்து பூசலுக்கு

2017ஆம் ஆண்டில் நடிகர் பவன் கல்யாணைப் பற்றி மகேஷ் கூறிய கருத்துகளை ஒட்டி அந்நடிகரின் இரசிகர்களுக்கும் அவருக்கும் இடையே பல மாதங்கள் பூசல் நீடித்தது. 2018 ஜனவரியில் அவர்மீது முட்டை வீசப்பட்டது. இப்பூசலின் ஒவ்வொரு கட்டத்திலும் பேசுபொருள் சுருங்கிவந்ததை அறியமுடிகிறது. தொடக்கத்தில் படம் பேசப்பட்டது. அடுத்து நடிகர் பேசப்பட்டார். இறுதியில் திறனாய்வாளரின் சாதியும் தோற்றமும் தனிவாழ்வும் பேசப்பட்டன. எந்தப் படத்தின் எந்தக் காட்சி பற்றி வாதம் எழுந்தது என்பதைப் பின்னூட்டம் இட்டவர்களுள் பெரும்பாலோர் கருதவே இல்லை. அதே வேளையில், மகேஷும் தம் சான்றுகளை விரித்துரைப்பதை விட்டு எதிரியின் ஏச்சுக்கு ஏச்சால் விடையளித்த இடங்கள் உண்டு என்பதையும் நடுநிலையோடு குறிப்பிட வேண்டும்.

2018ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் இராமனைப் பற்றி அவர் கூறிய சொற்கள் பெரும் எதிர்ப்பை எழுப்பின. ஜூலை 9ஆம் நாள் ஐதராபாத் நகரிலிருந்து ஆறு மாத காலத்திற்கு அவர் வெளியேற்றப்பட்டுச் சொந்த மாவட்டமான சித்தூருக்கு அனுப்பப்பட்டார். சமூக விரோதச் செயல்களைத் தடுப்பதற்கென 1980இல் இயற்றப்பட்ட சட்டம் இதற்குப் பயன்படுத்தப்பட்டது. அவரை எதிர்த்துப் போராட முன்வந்த பரிபூர்ணானந்த சுவாமியும் இரண்டு நாள் கழித்து அவ்வாறே வெளியேற்றப்பட்டார். இணையத்தில் எழுதுவோரைக் கைது செய்ய உதவிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24இல் செல்லாது என அறிவித்த மூன்றாண்டுகளுக்குப் பின், அதனினும் பழைய சட்டமொன்றின் வழியே இது நிகழ்ந்தது.

இருவரையும் ஒரே தட்டில் வைத்த இவ்வாணை, சொல்லப்பட்ட கருத்தின் தகுதியை அளக்கவில்லை. அதனால் எழுந்த கொந்தளிப்பையே அளந்தது. ஓர் ஊடகப் பதிவின் மதிப்பை அதன் பகிர்வுகளின் எண்ணிக்கையால் அளப்பதும் இதே அளவையே. மேலும், தெலுங்குச் செய்தித்தாள்கள் இவ்வெளியேற்றத்தை ‘நகர பகிஷ்கரண’ என்று எழுதின. பகிஷ்கரணம் என்பது சாதி ஊர்விலக்கையும் குறிக்கும் சொல். தலித் எழுத்தாளர் ஒருவரின் பேச்சுரிமை பற்றிய செய்தியில் அச்சொல் இயல்பாக வந்து அமர்ந்தது தற்செயலாக இருக்கலாம். எனினும் அது தரும் பொருள் ஆழமானது.

சான்று நின்ற இடமும் நில்லாத இடமும்

இராமகாதையை மறுத்துரைப்பது தெலுங்கிற்குப் புதிதன்று. திரிபுரநேனி இராமசாமி சௌதரி ‘சம்பூக வத’ நாடகத்தை 1920இல் எழுதினார். முப்பாள இரங்கநாயகம்மா ‘இராமாயண விஷவிருட்சம்’ என்னும் நூலை 1974 முதல் 1976 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். அவையும் கடும் எதிர்ப்பைச் சந்தித்தவையே. ஆயினும், எதிர்ப்பவர் பக்கம் புரட்டிச் சான்று காட்டி எதிர்க்க அவற்றில் இடம் இருந்தது. ஒரு நிமிடத் தொலைக்காட்சிப் பேச்சிலோ, ஏழெட்டு வரிப் பதிவிலோ அவ்விடம் இல்லை. முடிவு மட்டும் ஊரெங்கும் கேட்கிறது. முடிவுக்கு வந்த வழி கேட்பதில்லை. பக்தர் மனம் புண்பட்டது உண்மை. ஆனால் அவர்கள் எந்த வாதத்திற்கு விடை சொல்வது என்று அறியும் வாய்ப்பும் அவர்களுக்குக் கிட்டவில்லை.

தமிழ் மரபில் கண்டனம் இழிவானதாகக் கருதப்படவில்லை. உரையாசிரியர்கள் தடை எழுப்பி விடை கூறும் முறையைக் கையாண்டனர். சிவஞான முனிவர் ‘இலக்கண விளக்கச் சூறாவளி’ என்று பெயரிலேயே காற்றடிக்கும் மறுப்பு நூல் எழுதினார். 1867இல் வள்ளலாரின் திருவருட்பா அச்சேறிய பின் எழுந்த அருட்பா–மருட்பாப் போரில் துண்டறிக்கைகள் பறந்தன; வசைமொழிகள் பெருகின; 1869இல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. வள்ளலாரும் ஆறுமுக நாவலரும் மறைந்த பின்னும் அப்போர் ஓயவில்லை. வேகத்திலும் வசையிலும் அது இன்றைய முகநூல் பூசலுக்குக் குறைந்ததன்று. ஆயினும் அத்துண்டறிக்கைகளை ஆய்வாளர் ப. சரவணன் தேடித் தொகுத்ததனால், இரு தரப்பாரின் வாதங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்துள்ளது. அவ்வாறு படிக்கும்போது வசைக்கு அடியில் ‘அருட்பா’ என்னும் பெயருக்கு யார் உரியவர், சமய நூலின் அதிகாரத்தை யார் வரையறுப்பது என்னும் மெய்யான வினாக்கள் இருந்தமை தெரியவருகிறது.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) குறித்த நிகழ்வு இதன் மறுபுறத்தைக் காட்டுகிறது. 2014 இறுதியில் நாவலின் சில பக்கங்கள் மட்டும் படியெடுக்கப்பட்டுத் திருச்செங்கோட்டில் பரப்பப்பட்டன. நாவல் படிக்கப்படவில்லை, பக்கங்களே படிக்கப்பட்டன. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்னும் பொருள்பட அவரே முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றம் நாவலை முழுமையாகக் கருத்தில் கொண்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. படைப்பிலிருந்து பகுதியைப் பிரித்ததால் விளைந்த கேட்டினை, முழுமையைப் படித்தல் என்னும் எளிய செயல் ஓரளவு நேர்செய்தது எனலாம்.

தொகுத்தலின் இன்றியமையாமை

2016 ஜனவரி 17இல் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் உயிர்நீத்த ஆய்வு மாணவர் ரோகித் வேமுலாவின் முகநூல் பதிவுகள் அதே ஆண்டில் நிகிலா ஹென்றியால் ஆங்கிலத்தில் நூலாகத் தொகுக்கப்பட்டன. உதிரியாகக் கிடந்த பதிவுகள் நூலானபோது, ஒரு மாணவரின் சிந்தனை எவ்வாறு படிப்படியாக உருவாயிற்று என்பதை வாசகர் காண முடிந்தது. ஓடையாக ஓடி மறையும் எழுத்தை நிலைநிறுத்தினால் அது மதிப்பீட்டிற்கு உரியதாகும் என்பதற்கு இது சான்று.

மகேஷ் 2021 ஜூன் 26இல் நெல்லூர் மாவட்டத்தில் நிகழ்ந்த சாலை விபத்தில் படுகாயமுற்று, ஜூலை 10இல் சென்னை மருத்துவமனை ஒன்றில் காலமானார். அவர் மறைவை ஒட்டிய செய்திகள் பெரும்பாலும் பூசல்களையும் வெளியேற்றத்தையும் நினைவுகூர்ந்தன. அவர் எழுதிய மதிப்புரைகள் எவை, அவற்றில் எவை நிலைக்கத் தக்கன, எவை அன்றைய சினத்தில் பிறந்தவை என்று பிரித்துரைத்தவை அரிது. ஒரு திறனாய்வாளருக்கு நேரக்கூடிய இரண்டாவது ஊர்விலக்கு இதுவே. முதலாவதற்கு ஆறு மாதக் கெடு இருந்தது. இதற்குக் கெடு இல்லை.

இப்பணியைச் செய்ய வேண்டிய இடம் பல்கலைக்கழகத் துறைகளே ஆகும். ஒரு பதிவை ஆய்வுக்கு எடுத்துக்கொள்பவர் அது எழுதப்பட்ட நாள், பின்னர் செய்யப்பட்ட திருத்தம், அது பேசும் படைப்பு, அதற்கு வந்த தகுதியான மறுப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும். பொதுவாழ்வில் இல்லாத பின்னூட்டக்காரர்களின் பெயர்களை நீக்கிவிடுதல் முறை. சுவடிகளில் பாடவேறுபாடு கண்டு பதிப்பித்த துறைக்கு இது இயலாத செயலன்று. கறையான் செய்ததை இன்று நீக்கப்பட்ட கணக்குகளும் மூடப்பட்ட தளங்களும் செய்கின்றன, வேறுபாடு அவ்வளவே.

முடிவுரை

சமூக ஊடகத் திறனாய்வின் குறை கலையையும் சமூக நீதியையும் சேர்த்துப் பேசுவதில் இல்லை. முடிவைச் சான்றிலிருந்து பிரித்துவிடுவதில் உள்ளது. அப்பிரிவை ஊடகத்தின் விரைவு தொடங்கிவைக்கிறது; கூட்டத்தின் சினம் வளர்க்கிறது; அரசாணை முடித்துவைக்கிறது. பிரிந்தவற்றை மீண்டும் சேர்த்து வைத்துப் படிப்பது ஆய்வாளரின் கடன். கட்டமஞ்சியாரின் நூல் நூறாண்டு கடந்தும் மறுக்கப்படும் தகுதியோடு நிற்கிறது. அதே மாவட்டத்தில் பிறந்த கத்தி மகேஷின் மதிப்புரைகளுக்கும், அவற்றைப் போலத் தமிழில் நாள்தோறும் எழுதப்படும் மதிப்புரைகளுக்கும், மறுக்கப்படும் அந்தத் தகுதியையாவது நாம் பெற்றுத்தர வேண்டும்.