வரிக்கடைசியில் ஓர் எம்

விண்டோஸிலும் லினக்ஸிலும் மாறிமாறித் திருத்தப்பட்ட கோப்பை விம் எடிட்டரில் திறந்தால், சில வரிகளின் கடைசியில் மட்டும் தொப்பிக்குறியுடன் ஓர் 'எம்' ஒட்டிக்கொண்டிருக்கும். பார்க்க அசிங்கம்தான். எனக்கு அது பிடிக்கும். பல எடிட்டர்கள் பூசி மெழுகும் விஷயத்தை விம் போட்டு உடைக்கிறது.

அந்த எம், 13ஆம் எண் குறி: டெலிடைப்பில் அச்சுத்தலையை வரியின் தொடக்கத்துக்கு இழுத்துவந்த கட்டளை. தாளை ஒரு வரி நகர்த்தியது 10. வரிமுடிவைக் குறிக்க டாஸும் விண்டோஸும் இரண்டையும் வைத்துக்கொண்டன. யூனிக்ஸ் 10 போதும் என்றது. பழைய மேக், ஏட்டிக்குப் போட்டியாக, 13ஐ மட்டும் எடுத்துக்கொண்டது. நோட்பேட் 2018 வரை யூனிக்ஸ் கோப்பை ஒரே நீளமாகத்தான் காட்டியது.

விம்மின் கணக்கு கறாரானது. எல்லா வரியும் 13, 10 என்று முடிந்தால்தான் டாஸ் கோப்பு. ஒரு வரி பிசகினாலும் யூனிக்ஸ். மிச்சமுள்ள 13கள் அம்பலம். தேடித்தேடி அழிக்க வேண்டாம். டாஸ் வடிவமென்று சொல்லி மறுபடி திறந்தால் இருவகை வரிகளையும் ஏற்கும். பிறகு யூனிக்ஸுக்கு மாற்றிச் சேமிக்கலாம். கிட்டில் (Git) மட்டும், கைவைக்காத வரிகளும் மாறியதாகக் காட்டும். இந்தத் துப்புரவைத் தனி கமிட்டாகப் போடுங்கள்.