காவலரை ஆக்கியது சிறையா, கட்டளையா?

1971 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் சிம்பார்டோ நடத்திய சிறைச் சோதனை, சூழலே மனிதரைக் கொடியவராக்கும் என்பதற்குச் சான்றாக நெடுங்காலம் பாடநூல்களில் எடுத்தாளப்பட்டு வந்துள்ளது. 14 நாள்களுக்குத் திட்டமிடப்பட்டு 6 நாள்களில் நிறுத்தப்பட்ட அச்சோதனையில் காவலர், கைதி என்னும் பகுப்பு சமவாய்ப்பு முறையில் அமைந்தது உண்மையே. எனினும் ஒப்பிட்டு நோக்கக் கட்டுப்பாட்டுக் குழு இல்லை. ஆய்வாளரே சிறைக் கண்காணிப்பாளராகவும் அமர்ந்தார். அதனினும் பெரிய குறை வேறு: கைதிகளிடம் ஆற்றாமையுணர்வை உண்டாக்குமாறு காவலர்க்கு முன்னரே உணர்த்தப்பட்டது; மென்மையாக நடந்த காவலர் ஒருவரைக் கடுமை காட்டுமாறு ஆய்வுக்குழுவினரே தூண்டியதற்கு ஒலிப்பதிவு உண்டு. சூழலின் விளைவையும் கட்டளையின் விளைவையும் இனிப் பிரித்தறிவது எங்ஙனம்? அக ஏற்புடைமை இங்கேயே தளர்கிறது.

புற ஏற்புடைமையின் நிலையும் அதுவே. ‘சிறை வாழ்க்கை’ என்னும் சொல் இடம்பெற்ற விளம்பரத்துக்கு விடையளித்தோர், அச்சொல் இல்லாத விளம்பரத்துக்கு விடையளித்தோரினும் வன்போக்கு மிக்கவராகவும் பரிவு குறைந்தவராகவும் இருந்தனர் என்று கார்னஹன், மெக்ஃபார்லண்ட் இருவரும் 2007இல் காட்டினர். சமவாய்ப்புப் பகுப்பு இரு குழுக்களையும் நிகராக்கும். வந்து சேர்ந்தவர்களைப் பொதுமக்களின் பதிலாள் ஆக்காது.

ரைக்கர், ஹாஸ்லம் ஆகியோரின் பி.பி.சி. சிறை ஆய்வில் காவலர் கொடுமையில் இறங்கவில்லை. அவ்வாய்வோ தொலைக்காட்சிக்கெனப் படமாக்கப்பட்டது. 2002இல் ஒளிபரப்பாகவிருந்ததை அக்காவலரும் அறிந்தேயிருந்தனர்.