சிறார் கவிதைப் பயிற்சியும் தொடையும்

குழந்தைகளுக்கெனப் பெரியோர் பாடிய பாடல்கள் தமிழில் பல உள. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பாடினார். அழ. வள்ளியப்பா பாடியதோடு அமையாது, 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றவும் முன்னின்றார். ஆயின், குழந்தைகளுக்காகப் பாடுதல் வேறு. குழந்தைகளே பாடுதல் வேறு. பின்னதனை வளர்க்கும் முறை யாது? அம்முறையாற் பிறப்பது கவிதைதானா? இவ்வினாக்கள் ஆசிரியர்க்கு மட்டும் உரியன அல்ல, திறனாய்வாளர்க்கும் உரியன. இவற்றை ஆராய்தற்கு ஏற்ற சான்றொன்று அமெரிக்க நாட்டில் உளது. அதனை ஈண்டு எடுத்துக்கொண்டு, தமிழ் யாப்பியல் நோக்கில் மதிப்பிட முயல்வாம்.

கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியரும் கவிஞருமாகிய கென்னத் கோக் (1925–2002), 1968-இல் நியூயார்க்கு மாநகரின் 61-ஆம் எண் பொதுப்பள்ளியில் தொடக்க வகுப்பு மாணவர்க்குக் கவிதை எழுதப் பயிற்றலானார். அமெரிக்கக் கவிஞர் கழகம் முதலிலும், 1967-இல் தோன்றிய ஆசிரியர் எழுத்தாளர் கூட்டமைப்புப் பின்னரும் அவருக்குத் துணைநின்றன. அப்பயிற்சியின் வரலாற்றையும் மாணவர் கவிதைகளையும் தொகுத்து, 'விருப்பங்கள், பொய்கள், கனவுகள்' என்னும் பொருள்படும் பெயருடைய நூலை 1970-இல் வெளியிட்டார்.

அவர் கையாண்ட முதற்பாடம் எளியது. வகுப்பிலுள்ள ஒவ்வொருவரும் ஓரடி மட்டும் எழுதுதல் வேண்டும். அவ்வடி ஒரு விருப்பத்தைச் சொல்லும் தொடரால் தொடங்குதல் வேண்டும். அதனுள் ஒரு நிறம், ஒரு படக்கதை மாந்தர், ஒரு நகரம் அல்லது நாடு ஆகியன அமைதல் வேண்டும். எழுதிய தாள்களை ஒருங்கு சேர்த்து ஆசிரியர் உரக்கப் படித்தார். தனித்து ஒரு பாட்டு எழுத அஞ்சும் குழந்தை ஓரடி எழுத அஞ்சாது; தன் அடி பிறர் அடிகளோடு கூடிப் பாட்டாவதைக் கேட்டபின், தனித்து எழுதவும் துணியும். அடுத்து, ஒன்றனை மற்றொன்றனோடு ஒப்பிடுதல், முன் இருந்த நிலையும் இன்றுள்ள நிலையும் கூறுதல், நம்ப இயலாப் பொய்களை அடுக்குதல், கனவுரைத்தல் எனப் பாடங்கள் விரிந்தன. எழுத்துப்பிழை பற்றிக் கவலற்க என்றார் அவர். தேனீத் திரளை எழுதக் கருதிய சிறுமி ஒருத்தி, திரளுக்குரிய ஆங்கிலச் சொல்லைப் பிழைபட எழுத, அஃது அன்னப்பறவையைக் குறிக்கும் சொல்லாயிற்று. கோக் அப்பிழையைத் திருத்தவில்லை. பொருந்தாப் பொருள்களைத் தொடர்புறுத்தும் புதியதொரு பாடமாகவே அதனை ஆக்கிக்கொண்டார்.

இம்முறை நமக்கு முற்றும் புதிதன்று. வினை, பயன், மெய், உரு என உவமையின் தோற்றத்தைத் தொல்காப்பியர் நான்காக வகுத்தார். கோக்கின் ஒப்பீட்டுப் பாடத்தில் குழந்தைகள் செய்வதும் இந்நான்கன்வழி நிகழ்வதே. வேறுபாடு யாதெனின், நாம் இலக்கணத்தை முன்னர்க் கற்பித்துப் பின்னர் உவமையைத் தேடச் சொல்கிறோம். அவர் உவமையை முன்னர்ப் பிறப்பித்தார். இலக்கியம் கண்டதற்கே இலக்கணம் இயம்பல் என்னும் கொள்கையுடைய நமக்கு இவ்வரிசை உடன்பாடாதல் வேண்டும்.

ஆயின், கோக்கின் முறையில் யாம் அப்படியே ஏற்றற்கு இயலாத கூறு ஒன்றுண்டு. அஃது ஓசையியைபு பற்றியது. அடியிறுதி ஒத்திசை குழந்தைகளின் கற்பனையைத் தடுக்கும் எனக் கருதி, அதனை விலக்குமாறு அவர் கூறினார். ஆங்கிலத்திற்கு இது பொருந்தும். அம்மொழியில் ஒத்திசை பெரும்பாலும் அடியின் இறுதியில் விழுவது. எண்ணம் எத்திசையிற் சென்றாலும் முடிவில் குறித்த ஓர் ஒலியையே அடைதல் வேண்டும். ஆகவே, குழந்தை தான் கருதியதை விட்டு, ஒலி இழுத்த வழியே செல்கிறது.

தமிழ்த் தொடையின் இயல்பு வேறு. இயைபுத்தொடை ஒன்றே அடியிறுதி பற்றியது. அதுவும் நம் மொழியில் அரிதன்று. வினைமுற்று இறுதியில் நிற்றலின், 'வந்தேன், நின்றேன், கண்டேன்' எனத் தானே அமைந்துவிடும். அரிதாய் நின்று வருத்துவது ஆங்கில இயைபின் குறை. எளிதாய் வந்து பயனின்றி நிற்பது தமிழ் இயைபின் குறை. மோனையும் எதுகையுமோ அடிதோறும் முதற்கண் நிற்பன. அவை எண்ணத்தின் முடிவை அடைப்பன அல்ல, தொடக்கத்தைத் தருவன. கோக்கின் விருப்பத் தொடர் அடிமுதலில் நின்று செய்யும் தொழிலையே இவையும் செய்யவல்லன. 'கடல்' என ஓரடி தொடங்கின், 'காகம்' என்றோ 'கைவிளக்கு' என்றோ அடுத்த அடி தொடங்கலாம். அதன்பின் எண்ணம் தன் வழியே செல்லும். கடலுக்கும் காகத்திற்கும் தொடர்பு காண வேண்டிய கட்டாயமே கற்பனையைத் தூண்டும்.

எதுகைக்காக வலிந்து பெய்த சொற்கள் செய்யுளைக் கெடுத்தல் இல்லையோ எனின், உண்டு. முதலெழுத்து அளவொத்து இரண்டாம் எழுத்து ஒன்றுதல் வேண்டுமாதலின், எதுகையில் சொற்றேர்வு குறுகும். மோனைக்கோ இனவெழுத்துகளும் உரியனவாதலின் தேர்வு விரியும். ஆகலின் மோனை முன்னும் எதுகை பின்னுமாகப் பயிற்றுதலே முறை. சீரும் தளையும் அவற்றிற்கும் பின்னர் வருதல் வேண்டும். யாப்பை அறவே கைவிடுவோரும், வாய்பாட்டை முதனாளே மனப்பாடம் செய்விப்போரும் ஒருசேரத் தவறும் இடம் இதுவே.

இனி, வாய்பாட்டாற் பிறந்த பாட்டு யாருடையது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. மைரா கான் லிவிங்ஸ்டன் என்னும் அமெரிக்கக் கவிஞர், 1984-இல் வெளியிட்ட நூலில், குழந்தை இயல்பாகவே கவிஞன் என்னும் கொள்கையை ஐயுற்று, கோக்கின் முறையையும் மறுத்தார். அம்மறுப்பை எளிதில் தள்ளுதற்கில்லை. தொடக்கத் தொடர் ஆசிரியருடையது. அச்சேறியவற்றைத் தேர்ந்தவரும் ஆசிரியரே. எனினும், ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்வது நம் புலவரிடை நெடிது வழங்கிய மரபு. கொடுத்த ஈற்றடி பிறருடையதாயினும், பாட்டு பாடியவர்க்கே உரியதாகக் கொள்ளப்பட்டது. கொடுக்கப்பட்டது எத்துணை என்பதன்று அளவுகோல். கொடுக்கப்பட்டதனைப் பாடுவோர் எத்துணைக் கடந்தார் என்பதே அளவுகோல். அவ்வாறு கடவாத அடிகள் பயிற்சியே, கவிதையாகா. இதனைக் குழந்தைக்கு மென்மையாக உணர்த்தும் கடமையிலிருந்து, எல்லாவற்றையும் புகழும் ஆசிரியர் வழுவியவராவர்.

கோக்கும் முதனூலோடு நின்றாரல்லர். 1973-இல் வெளியிட்ட இரண்டாம் நூலில், பெருங்கவிஞர் பாடல்களையே குழந்தைகளுக்குப் பாடமாக்கினார். பிளேக்கின் புலிப்பாட்டைப் படித்த குழந்தைகள், தாமும் ஓர் உயிரை விளித்து வினாக்கள் தொடுத்து எழுதினர். முதனூலினும் இந்நூலையே யாம் உயர்வாகக் கருதுகின்றோம். எழுதுதல் இங்குப் படித்தலுக்கு வாயிலாகின்றது. தும்பியை விளித்து வினவும் குறுந்தொகை இரண்டாம் பாட்டு நம்மிடை இருக்கின்றது. ஒரு தேனீயிடம் தான் கேட்க விரும்புவதை முதலில் தானே எழுதிய குழந்தை, பின்னர் அப்பாட்டைக் கேட்குங்கால், அதனை உரைகாரரின் பொருளாக மட்டும் கொள்ளாது. தன்னைப் போல் வினவிய மற்றொருவர் குரலாகவும் கொள்ளும். குழுவிற் பயின்றோர் அனைவரும் கவிஞராதல் இல்லை. ஆயின், அவருள் ஒவ்வொருவரும் சங்கப் பாடலை அச்சமின்றி அணுகும் படிப்பாளராதல் கூடும். சிறார் கவிதைக் குழுவை நடத்துவோர் அடையத்தக்க பயன் அதுவே என்பது எம் துணிபு.