விகுதிக்குள் ஒரு தீர்ப்பு

ஆங்கிலத்தில் 'சைல்டிஷ்', 'சைல்ட்லைக்' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. இரண்டுமே வளர்ந்த ஒருவரைக் குழந்தையோடு ஒப்பிடுகின்றன. ஆனால் முதலாவது வசவு, இரண்டாவது பாராட்டு. எண்பது வயது ஓவியர் ஒருவரின் வியப்பு மாறாத கண்களைப் போற்றி எழுதிய கட்டுரையை மொழிபெயர்க்கும்போது, இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் 'சிறுபிள்ளைத்தனம்' என்று போட்டுவிட்டால் போற்றுதல் அவமதிப்பாகிவிடும். ஓவியரும் மாறவில்லை, குழந்தையும் மாறவில்லை. சொல்லின் வால் மட்டுமே மாறியிருக்கிறது. ஒன்று இன்னொன்றைப் போல இருக்கிறது என்று சொல்ல ஆங்கிலம் வைத்திருக்கும் வழிகளில் என்னை மிகவும் கவர்ந்தவை இந்தச் சின்ன விகுதிகள். மிகவும் உறுத்துபவையும் இவற்றில்தான் இருக்கின்றன.

'லைக்' என்ற சொல்லின் வேர், பழைய ஆங்கிலத்தில் உடலைக் குறித்த ஒரு சொல். இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களில் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையும் இடத்தில் கூரை வேய்ந்த வாயில் ஒன்று இருக்கும். பாதிரியார் வரும்வரை சவப்பெட்டியை இறக்கி வைக்கும் இடம் அது. அதன் பெயர் 'லிச்கேட்'. பழைய சொல் அந்தப் பெயரின் முற்பாதியில் இன்னும் கிடக்கிறது. 'ஃப்ரெண்ட்லி', 'மேன்லி' ஆகியவற்றின் கடைசி 'லி'யும் அதே வேரிலிருந்து தேய்ந்து வந்ததுதான். ஆக, ஆங்கிலத்தில் 'போல' என்பதன் முதற்பொருள் 'அதே உடம்புடையது'. தொல்காப்பியம் உவமை பிறக்கும் இடங்களை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுக்கிறது. ஆங்கிலச் சொல் இந்த நான்கில் மெய்யிலிருந்து புறப்பட்டு மற்ற மூன்றுக்கும் பரவியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதோடும் நிற்கவில்லை. 'லைக்லி' என்று நீண்டு, நடக்கக்கூடியது என்ற பொருளுக்குப் போனது. நம் 'போல்' என்ற சொல்லும் 'வந்தான் போலும்' என்று ஊகத்துக்குள் போனது. 'போலி' என்று கள்ளச்சரக்குக்கும் பெயரானது. ஒப்புமைக்குள் சந்தேகம் குடியிருப்பதை இரண்டு மொழிகளும் தனித்தனியே கண்டுகொண்டிருக்கின்றன.

'இஷ்' என்ற விகுதியின் பயணம் இதைவிட நெளிவுசுளிவானது. அது முதலில் இனத்தையும் நாட்டையும் காட்டியது: இங்கிலீஷ், டேனிஷ், ஐரிஷ். அங்கே எந்தக் குறையும் தொனிக்கவில்லை. 'சைல்டிஷ்'கூடத் தொடக்கத்தில் குழந்தைக்கு உரியது என்ற அளவில்தான் இருந்தது. பெரியவர்களைக் கண்டிக்கும் தொனி பிற்பாடு ஏறியது. நிறத்தோடு சேர்ந்தபோது விகுதி இளகி, 'ரெடிஷ்' என்றால் செம்மை கலந்தது என்றானது. நேரத்தோடு சேர்ந்தபோது 'செவனிஷ்', அதாவது நாம் சொல்லும் 'ஏழு மணி வாக்கில்'. இன்று தனியாகவே நடமாடுகிறது. "பசிக்கிறதா?" என்று கேட்டால் "இஷ்" என்று பதில் சொல்கிறார்கள். எவ்வளவு ஒத்திருக்கிறது, எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை இப்படி ஓரசையில் சொல்ல முடிவது பெரிய வசதி. அறிவியல் எழுத்தையோ சமையல் குறிப்பையோ ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும்போது அந்த ஓரசைக்கு ஈடாக நான் மூன்று சொற்களைத் தேடியலைகிறேன்.

அதே விகுதி மனிதர்மேல் விழும்போது என் வியப்பு வடிந்துவிடுகிறது. 'மேன்லி' என்றால் ஆணுக்குப் புகழ். 'மேனிஷ்' என்பதைப் பெரும்பாலும் பெண்ணைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள், அதுவும் முகம் சுளித்து. 'வுமனிஷ்' என்பதை ஆணைப் பார்த்துச் சொல்கிறார்கள், அதே சுளிப்போடு. ஆண் இப்படி இருக்க வேண்டும், பெண் அப்படி இருக்க வேண்டும், எல்லை தாண்டினால் இழிவு என்ற முழுத் தீர்ப்பும் ஒரு விகுதிக்குள் அடங்கிவிட்டது. "பொம்பள மாதிரி அழாதே" என்று நம் ஊரில் சொல்வதும் இதே அநியாயம்தான். ஆனால் அது வாக்கியமாக வெளியே வருகிறது. கேட்பவர் நிமிர்ந்து, "பெண் அழுதால் என்ன?" என்று திருப்பிக் கேட்கலாம். விகுதிக்குள் வைத்துச் சொன்னதை அப்படி மறித்து நிறுத்துவது கடினம். அகராதியும் அதை வெறும் பொருளாகவே பதிந்துகொள்கிறது.

இரண்டு 'ஆஸ்' நடுவில் ஒரு பண்பை வைக்கும் மரபு உவமைகளைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 'வௌவாலைப் போலக் குருடு' என்கிறார்கள். வௌவால்கள் குருடு அல்ல. நம் ஆலமரங்களில் தொங்கும் பழந்தின்னி வௌவால் கண்ணையும் மூக்கையும் நம்பியே இரை தேடுகிறது. 'கூல்' என்பதற்குக் 'குக்கும்பர்', 'டெட்' என்பதற்கு 'டோர்நெயில்' என இணைத்து வைத்தது பெரும்பாலும் மோனைதான். கதவில் அடித்த ஆணிக்குச் சாவோடு அப்படி என்ன உறவு என்று டிக்கன்ஸே 1843இல் வெளிவந்த தம் கிறிஸ்துமஸ் கதையின் தொடக்கத்தில் நின்று யோசிக்கிறார். தேய்ந்த உவமையை அப்படி நிறுத்திக் கேள்வி கேட்டவர்கள் குறைவு.

எழுத்தாளர் பெயரோடு வால் ஒட்டும் வழக்கம்தான் எனக்கு அதிக வருத்தம் தருவது. படித்தவருக்கு அது ஒரே சொல்லில் ஓர் உலகத்தைத் திறக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் எந்தப் பண்பில் ஒப்புமை என்பதை அது சொல்வதில்லை. 'டிக்கன்சியன்' என்றால் கரி படிந்த தெருவில் பசித்து நிற்கும் சிறுவனா, மேசை நிறைந்த கிறிஸ்துமஸ் விருந்தா? இரண்டுக்கும் பயன்படுத்துகிறார்கள். ஆர்வெல்லுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. அச்சில் பார்த்துப் பழகிய உவமைகளைக் கையாளாதீர்கள் என்று 1946இல் கட்டுரை எழுதியவர் அவர். 1949இல் தம் எச்சரிக்கை நாவலை வெளியிட்டார், 1950 ஜனவரியில் இறந்தார். இன்று 'ஆர்வெலியன்' என்பது அவர் எதிர்த்து நின்றதற்கே பெயர். எல்லாக் கட்சியினரும் எதிராளிமேல் எறியும், பழகித் தேய்ந்த சொல்.

அலுவலக வரிசையில் அரைநாள் நின்றவர் அதைக் 'காஃப்காயெஸ்க்' என்கிறார். காஃப்காவோ 1908 முதல் 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரியாக இருந்தவர். மரம் இழைக்கும் இயந்திரங்களில் விரல்கள் அறுபடாமல் காக்கும் வழிகளைப் பற்றி அறிக்கை எழுதியவர். அவர் இறந்த பின் 1925இல் வெளிவந்த 'விசாரணை' நாவலில் நடுங்க வைப்பது தாமதம் அல்ல. என்ன குற்றம் என்றே தெரியாத மனிதன் மெல்ல மெல்லக் குற்றவாளியைப் போல நடக்கத் தொடங்குவதுதான். அந்த நடுக்கம் விகுதிக்குள் ஏறவில்லை.

மனிதரிலிருந்து ஊருக்கும் வரலாற்றுக்கும் வந்தால் 'இன்னதன் இன்னது' என்ற ஆங்கில வாய்பாடு. இதை நாமும் அப்படியே எடுத்துக்கொண்டோம். கோவை தென்னிந்தியாவின் மான்செஸ்டர்; அந்த மான்செஸ்டரின் பஞ்சாலைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. சமுத்திரகுப்தரை இந்திய நெப்போலியன் என்று எழுதியவர் வரலாற்றாசிரியர் வின்சென்ட் ஸ்மித். 4ஆம் நூற்றாண்டு அரசருக்கு, 1769இல் பிறக்கப்போகிற ஒருவரை அளவுகோலாக வைத்தார். போர் வெற்றிகள் என்ற ஒரு புள்ளியில் ஒப்புமை பொருந்துகிறது, அதனால்தான் பாடநூல்களில் நிலைத்தது. ஆனால் அந்த அரசர் தம் பொற்காசு ஒன்றில் வீணை மீட்டியபடி அமர்ந்திருக்கிறார். நெப்போலியன் என்ற சட்டத்துக்குள் அந்த வீணைக்கு இடமில்லாமல் போயிற்று.

'கிழக்கின் வெனிஸ்' என்ற பட்டம் பாங்காக்குக்கும் உண்டு, சீனத்தின் சூச்சோவுக்கும் உண்டு, ஆலப்புழைக்கும் உண்டு. கால்வாய் இருப்பது ஒன்றே இவற்றின் ஒற்றுமை. கடற்கழியில் மரத்தூண்களை இறக்கி, அவற்றின்மேல் எழுப்பிய கல் நகரம் வெனிஸ். ஆலப்புழையில் படகு நகரைத் தாண்டிக் குட்டநாட்டுக்குள் நுழைந்தால் கரைக்கு அப்பால் வயல் தெரியும், படகு போகும் தண்ணீரைவிடத் தாழ்வாக. கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் அந்த நிலத்தைச் சுற்றிச் சேற்றால் வரம்பு கட்டி, உள்ளே நின்ற நீரை வெளியே இறைத்துவிட்டு, அங்கே நெல் விதைக்கிறார்கள்.