பத்தொன்பது மில்லிமீட்டர்

முதலில் ஒரு கணக்கு. டொயோட்டா 3எஸ் எஞ்சினின் சிலிண்டர் துளை 86 மி.மீ. அதில் ஓடும் பிஸ்டனின் மேல் ரிங், உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை, ஏறக்குறைய 3 மி.மீ. அகலம். சிலிண்டருக்குள் அடங்கியிருக்கும்போது அதன் உள்விட்டம் 80 மி.மீ. ஆனால் மாட்டவோ கழற்றவோ வேண்டுமானால் பிஸ்டனின் 86 மி.மீ. தலையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். விட்டத்தில் 6 கூடினால் சுற்றளவில் ஏறக்குறைய 19 கூடும். ஆக, பிளவுபட்ட ரிங்கின் வாய் 19 மி.மீ. திறந்தால் போதும். விரிந்த ரிங் முழு வட்டமாக நிற்காது என்பதால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் திறப்பதெல்லாம் ரிங்குக்குக் கேடு.

இந்த 19 மி.மீ.க்காகவே ஒரு கைக்கருவி இருக்கிறது. புத்தகத்தில் ரிங் எக்ஸ்பாண்டர் என்று போட்டிருக்கும். பட்டறையில் ரிங் பிளையர். கைப்பிடியை அழுத்தினால் சாதாரணப் பிளையரின் வாய் மூடும், இதன் வாய் திறக்கும். சிங்கப்பூரில் எஞ்சின் இறக்கி வேலை பார்க்கிறவர்கள் இதைப் பற்றி இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். கட்டைவிரல் இருக்கும்போது இது எதற்கு என்பது மூத்தவர்கள் கட்சி. கருவி இல்லாமல் ரிங்கைத் தொடாதே என்பது தொழிற்கல்வி படித்து வந்தவர்கள் கட்சி. இருபது வருடம் முதல் கட்சியில் இருந்துவிட்டு இரண்டாவதற்கு வந்தவன் நான். வந்தும் முழுமனதாக வரவில்லை. கடைகளில் தொங்கும் ரிங் பிளையர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த 19 என்ற எண் தெரியாது என்பதுதான் காரணம்.

ரிங் எப்படிக் கெடும் என்பதைப் பார்த்தால் இது விளங்கும். பிளவோடு வந்து, தன் விறைப்பாலேயே சிலிண்டர் சுவரை ஒட்டிக்கொள்ளும் உலோக ரிங்கை 1850களில் கொண்டுவந்தவர் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கிலேய ரயில்வே எஞ்சினியர். அதற்கு முன் நீராவிப் பிஸ்டன்களில் சணலைச் சுற்றி அடைத்தார்கள். அன்று முதல் ரிங்கின் உயிர் அந்த விறைப்பில் இருக்கிறது. வார்ப்பிரும்பு ரிங்கை அளவு மீறித் திறந்தால் ஒன்று ஒடியும், இல்லை ஒடியாமல் உருமாறும். ஒடிந்தால் தப்பித்தோம்; டக்கென்று ஒரு சத்தம், கையில் இரண்டு துண்டு, வேறு ரிங் வாங்கி வந்துவிடலாம். உருமாறினால் கண்ணுக்குத் தெரியாது. எஞ்சினைப் பூட்டி, வண்டியை ஒப்படைத்து, காசும் வாங்கிவிடுவோம்.

எனக்கு அப்படி நடந்தது. நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் நான்கு சிலிண்டர் டீசல் லாரி ஒன்றுக்கு ரிங் மாற்றினேன். எல்லாம் கட்டைவிரலால்தான். மூன்றாவது பிஸ்டனின் மேல் ரிங்கை மாட்டும்போது விரல் வழுக்கி வாய் சற்று அதிகமாகப் பிளந்தது. ஒடியவில்லை. ஒடியாததால் அதையே மாட்டினேன். ஒரு மாதத்தில் லாரி நீலப் புகையோடு திரும்பி வந்தது. ஆயில் குடித்துக்கொண்டிருந்தது. திரும்பப் பிரித்து, அந்த ரிங்கைச் சிலிண்டருக்குள் தனியாக வைத்து, கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன். சுற்றிலும் இருட்டு. பிளவுக்கு நேர் எதிர்ப்பக்கம் மட்டும், மூன்றாம் பிறை போல மெல்லிய வெளிச்சக் கீற்று. ரிங்கை விரிக்கும்போது வளைவு முழுவதும் போய்ச் சேருகிற இடம் அதுதான், பிளவுக்கு எதிரே உள்ள முதுகு. குரோமோ மாலிப்டினமோ பூசிய ரிங்காக இருந்தால் பூச்சில் முதலில் வெடிப்பு விழுகிற இடமும் அதுவே.

ஜாலான் புசாரிலும் கெலாந்தான் சந்திலும் உள்ள ஹார்ட்வேர் கடைகளில் கேட்டால் இரண்டு விதமான கருவி எடுத்துப் போடுவார்கள். ஒன்று வெறும் மூக்குப் பிளையர். இரண்டு முனையும் ரிங்கின் பிளவில் கொக்கி மாதிரி மாட்டும், அழுத்தினால் திறக்கும், ரிங்கின் மற்ற பாகம் காற்றில் தொங்கும். இன்னொன்றில் மூக்கோடு ஒரு பட்டையும் உண்டு. ரிங்கின் வெளிச்சுற்றை அரவணைத்துப் பிடிக்கும் அரைவட்டத் தகடு அது. ரிங் அதற்குள் உட்கார்ந்தபடியே விரிகிறது. ஒரு பக்கம் சாய்வதில்லை, முறுக்கிக்கொள்வதில்லை. என் முதல் பட்டைக் கருவியைச் சுங்கை ரோட்டுப் பழைய சந்தையில் தரையில் விரித்திருந்த தார்ப்பாயிலிருந்து பொறுக்கினேன். யாரோ ஒரு மெக்கானிக் வருடக்கணக்கில் பிடித்துக் கைப்பிடி மழமழவென்று ஆகியிருந்தது. 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அந்தச் சந்தையை மூடிவிட்டார்கள். அதோடு கைபழகிய கருவிகள் ஒரு பட்டறையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேரும் வழியும் இந்த வட்டாரத்தில் அடைபட்டுப்போனது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

முறுக்கிக்கொள்வதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கையால் மாட்டுகிற பலர் ரிங்கின் ஒரு முனையைப் பிஸ்டனில் ரிங் உட்காரும் காடிக்குள் செருகிவிட்டு, மீதியைத் திருகாணி ஏற்றுவது போலச் சுற்றிச் சுற்றி இறக்குவார்கள். மூன்று துண்டாக வரும் ஆயில் ரிங்கின் மெல்லிய தகடுகளை அப்படித்தான் மாட்ட வேண்டும். அதற்குக் கருவி வேண்டாம். ஆனால் கம்ப்ரெஷன் ரிங்கை அப்படிச் சுற்றினால் அது தட்டையாக இருக்காது, லேசாகச் சுருள் விழும். ரிங்குக்கும் காடிக்கும் இடையே உள்ள இடைவெளி 0.03 முதல் 0.08 மி.மீ.க்குள்தான். அந்த இடத்தில் சுருள் விழுந்த ரிங் பிடித்துக்கொள்ளும், நகராது. பட்டைக் கருவியின் பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது. ஒடியாமல் காப்பதைவிட, தட்டையாக இறக்கிவிடுவதற்காக அதை நான் மதிக்கிறேன்.

கைவேலைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டு கட்டைவிரல் பிளவில், ஆள்காட்டி விரல்கள் பின்னால் முட்டுக் கொடுத்தபடி, ரிங்கைத் திறக்கிற ஒரு மூத்த கையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ரிங் எதிர்ப்பது விரலுக்குத் தெரிகிறது. காடியில் கரி மிச்சமிருந்தால் தெரிகிறது. பிஸ்டனுக்கும் ரிங்குக்கும் நடுவே நான்கு மெல்லிய தகரக் கீற்றுகளைச் செருகி, அவற்றின் மேல் வழுக்கி இறக்கிவிடுவார்கள். பிஸ்டனில் ஒரு கீறல் விழாது. பிளையரின் நீண்ட கைப்பிடியோ நெம்புகோல். விரலுக்கு வரும் தகவலை அது பாதியாகக் குறைத்துவிடும். ரிங் கெஞ்சுவது உள்ளங்கைக்கு எட்டாது. இதை மறுத்துப் பேசுகிற பாடப்புத்தகக்காரர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

ஆனால் அந்த விரல் எப்படிப் பழகியது என்று கேட்க வேண்டும். ஆயிரம் ரிங் மாட்டிப் பழகியது. இன்றைய சிங்கப்பூரில் ஓர் இளைஞனுக்கு ஆயிரம் ரிங் எங்கே கிடைக்கும்? 1990இல் வாகன ஒதுக்கீட்டு முறை வந்தது. வண்டி வைத்திருக்க வேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇ பத்து வருடத்துக்கு. அது முடிந்ததும் புதுப்பிக்காவிட்டால் காரின் பதிவை நீக்கியாக வேண்டும். பத்து வருடத்துக்குள் நீக்கினால் கொஞ்சம் பணமும் திரும்ப வரும். ஒழுங்காக ஆயில் மாற்றிய எஞ்சினுக்குப் பத்து வருடத்தில் ரிங் தேய்வதில்லை. தேய்வதற்கு முன்பே வண்டி கப்பலேறிவிடுகிறது. புதுப்பித்து ஓட்டுகிறவர்களில் பலர் எஞ்சின் வேலைக்குக் காசுவேயைத் தாண்டி ஜோகூர் பாருவுக்குப் போகிறார்கள், கூலி குறைவு என்று. ஆக இங்கே ரிங்கைத் தொடும் வாய்ப்பு மிஞ்சியிருப்பது இருபது வருடம்வரை ஓட அனுமதியுள்ள லாரிகளிலும் பழைய மோட்டார் சைக்கிள்களிலும்தான். அவற்றிலும் 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு சாலையில் ஓட முடியாது. ஆர்எக்ஸ்இசட் போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில், காடிக்குள் இருக்கும் சிறு ஊசிக்கு நேராகப் பிளவை உட்காரவைக்கப் பழகிய கைகளுக்கு அதோடு வேலை அற்றுப்போகும்.

அதனால்தான் நான் கட்சி மாறினேன். காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு எஞ்சின் பிரிக்கிற பையனிடம் "கையாலேயே பழகு" என்று சொல்வது அவனுக்குச் செய்யும் உதவி ஆகாது. அவன் பழகுவது வாடிக்கையாளரின் ரிங்கில். பழகுவதற்குள் எத்தனை மூன்றாம் பிறை விழுமோ. வேலை அடிக்கடி கிடைக்காத ஊரில்தான் கருவி கூடுதலாக வேண்டும்.

கையில் கொடுக்கிற கருவி ஒழுங்காக இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. வெறும் மூக்குப் பிளையரை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது கட்டைவிரலின் பலத்தைப் பெருக்கி, கட்டைவிரலின் உணர்வைப் பறித்துவிடுகிறது. முதுகில் விழும் வளைவைத் துளியும் பங்கிடுவதில்லை. பழைய ரிங்குகள் இரண்டு மி.மீ. உயரம் இருந்த காலத்தில் செய்த மூக்கு, இன்றைய ஒரு மி.மீ. ரிங்கில் நிற்காமல் நழுவும். நழுவினால் ரிங் சுருக்கென்று மூடி அலுமினியப் பிஸ்டனில் கோடு கிழிக்கும். பட்டைக் கருவிக்கும் குறை உண்டு. கார் பிஸ்டனுக்கு வாங்கியதை 50 மி.மீ. மோட்டார் சைக்கிள் பிஸ்டனில் வைத்தால் பட்டை ரிங்கைத் தொடவே தொடாது, வெறும் மூக்குப் பிளையராகத்தான் வேலை செய்யும். கரி பிடித்து இறுகிய ரிங்கில் எந்தக் கருவியும் முனையைப் பிடிக்காது. மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊறப்போட்டு, பொறுமையாக இளக்கிய பிறகுதான் பிளையரை எடுக்க வேண்டும்.

கழற்றும்போது எதற்கு இவ்வளவு கவனம், தூக்கிப்போடப் போகிற ரிங்தானே என்று கேட்பார்கள். பிஸ்டன் தூக்கிப்போடுவதில்லையே. ஒடித்து எடுத்த ரிங்கின் கூர்முனை காடிச் சுவரைக் கீறினால் புது ரிங் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. அதோடு, முழுசாக வந்த பழைய ரிங் சிலிண்டரின் கதையைச் சொல்லும். எந்தப் பக்கம் பளபளக்கிறது, எங்கே கருத்திருக்கிறது என்று படித்தால் துளை கோணியிருக்கிறதா, மீண்டும் போர் அடிக்க வேண்டுமா என்று தெரிந்துவிடும். துண்டுதுண்டாக வந்தால் படிக்க ஒன்றும் இருக்காது.

துவாஸ், செம்பவாங் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் நண்பர்களிடம் பேசியபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அரை மீட்டருக்கும் மேல் துளையுள்ள பிரதான எஞ்சின்களின் ரிங்குகளை விரிக்க எஞ்சின் செய்த கம்பெனியே தனிக் கருவி கொடுக்கிறது. அதில் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு மேல் திறக்கவிடாது. பிடிக்கிறவர் யாராக இருந்தாலும், இரவு இரண்டு மணி ஷிப்டாக இருந்தாலும், அது அங்கேயே நிற்கும். கைத்திறன் உள்ளவர்கள் அந்தக் கருவியை அவமானமாக நினைப்பதில்லை. அதே வேலையின் சின்ன வடிவத்துக்கு, லாரிக்கும் காருக்கும், அந்த எல்லையை ஏன் மறுக்க வேண்டும்? சில ரிங் பிளையர்களில் இரண்டு கைப்பிடிக்கும் நடுவே ஒரு திருகு இருக்கும். அதை ஏற்றி இறக்கினால் வாய் எவ்வளவு திறக்கும் என்பதை முன்கூட்டியே கட்டிவிடலாம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கேட்டு வாங்குகிறவர்கள் இல்லாததால் கடைக்காரர் வரவழைப்பதில்லை.

ரிங் செய்கிறவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. நம் ஆட்களுக்கு இது அந்நியத் தொழிலும் இல்லை. சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949 முதல் இயங்குகிறது, மறைமலை நகரில் ஐபி ரிங்ஸ் 1991இல் தொடங்கியது. ரிங்கின் மேல்பக்கத்தைக் காட்ட ஒரு குறி பொறித்து அனுப்புகிறார்கள். சிலிண்டருக்குள் எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்று தாளில் சொல்கிறார்கள். மாட்டும்போது வாய் எத்தனை மில்லிமீட்டருக்கு மேல் திறக்கக் கூடாது என்பதை நான் பிரித்த பெட்டிகளில் அச்சிட்டுப் பார்த்ததில்லை. ஒரு வரி போதும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்காவில் கூட்டம் சேருவதற்கு முன், ஜாலான் புசார் கடையொன்றில் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் ஊரில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்காக ரிங் பிளையர் பார்த்துக்கொண்டிருந்தார். தவுக்கே மூக்குப் பிளையரை எடுத்து நீட்டினார். நான் பட்டை வைத்ததைக் காட்டினேன். அதில் திருகு இல்லை. "அப்ப எங்க நிக்கும்ணே, அமுக்கிக்கிட்டே போனா?" என்று கேட்டார் தம்பி. அந்தக் கேள்விக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. அதே கடையில் ஒரு ஆறு மி.மீ. போல்ட்டும் இரண்டு நட்டும் வாங்கினோம். கைப்பிடியில் ஒரு துளை போட்டு போல்ட்டைப் பூட்டி, வெர்னியரை 19இல் வைத்து, வாய் அந்த அளவு திறக்கும் இடத்தில் போல்ட்டின் தலை எதிர்க் கைப்பிடியில் முட்டும்படி நட்டை இறுக்கச் சொன்னேன். வேறு எஞ்சினுக்குக் கணக்கு எப்படிப் போடுவது என்று கேட்டார். ரிங்கின் அகலத்தை இரண்டால் பெருக்கு, பிறகு 3.14ஆல் பெருக்கு என்று பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். பில்லை மடித்துப் பிளையரின் பட்டைக்குள் செருகிக்கொண்டார்.