காவற்காட்டில் குழந்தைகளோடு

சிங்கப்பூரில் குடும்பத்தோடு ஒரு காட்டு நடை போக வேண்டும் என்றால் பலரும் கைகாட்டுவது தாம்சன் இயற்கைப் பூங்காவை. நுழைவுக் கட்டணம் இல்லை. காலை ஏழு மணிக்குத் திறந்து மாலை ஏழுக்கு மூடுகிறார்கள். 50 ஹெக்டேருக்குள் 3.8 கிலோமீட்டர் நடைபாதை. ஆனால் பொழுதுபோக்கிடம் என்ற ஒரே தராசில் இதை நிறுத்தால் பூங்காவுக்கும் நியாயம் கிடைக்காது, நம்பிப் போகும் குடும்பத்துக்கும் கிடைக்காது. 2019 அக்டோபரில் இது திறக்கப்பட்டதன் முதல் நோக்கம் வேறு.

மேற்கே மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதி இருக்கிறது. அதற்குள் பாயும் கூட்டத்தை வெளியிலேயே ஏந்திக்கொள்ளும் காவற்காடுதான் தாம்சன். காலடிகள் ஒரு வனத்தை என்ன செய்யும் என்பதற்கு புக்கிட் தீமா சாட்சி. 163 ஹெக்டேர் கொண்ட அந்தக் காட்டில் பாதைகள் அரித்துப்போய், 2014இலிருந்து 2016 வரை பெரும்பாலான நாட்கள் மூடிவைத்துச் சீர்செய்ய வேண்டியிருந்தது. 2017இல் வின்சர், 2019இல் தாம்சன், 2022இல் ரைஃபிள் ரேஞ்ச் என்று அடுத்தடுத்துப் பூங்காக்கள் வந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். நாம் இங்கே நடப்பதே அங்கே நடக்காமல் இருப்பதற்காக.

இதில் ஒரு முரண் உண்டு. காவல் நிற்கும் இந்தக் காடும் வெறும் வேலி அல்ல. நாட்டில் நூற்றுக்கும் குறைவாகவே எஞ்சியுள்ள ராஃபிள்ஸ் மந்திகள் வந்துபோகும் இடம் இது. பக்கத்தில் ஓடும் பழைய அப்பர் தாம்சன் சாலையில், மரம்விட்டு மரம் தாவும் விலங்குகளுக்காக மேலே கயிற்றுப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். (1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் நடந்த சாலை அது. வேகத்துக்குப் பேர்போன இடத்தில் இன்று குரங்குக்கு வழிவிடுகிறார்கள் என்பதை எனக்குப் பிடித்த முன்னேற்றங்களில் ஒன்றாகச் சொல்வேன்.) இப்படிப்பட்ட இடத்துக்குள் வார இறுதிக் கூட்டத்தைக் கூப்பிடலாமா என்று இயற்கை ஆர்வலர் கேட்டால் அது வீண் கேள்வி இல்லை. ஆனாலும் பதில் பூங்காவுக்குச் சாதகமாகவே இருக்கிறது. நடைபாதைகள் பெரும்பாலும் முன்பிருந்த ஊர்வழிகளையே பின்பற்றுகின்றன. கழிவறையும் கார் நிறுத்துமிடமும் வாசலோடு நின்றுவிடுகின்றன. உள்ளே கடை இல்லை, விளையாட்டுத் திடலும் இல்லை. சிலருக்குக் குறையாகத் தெரியும் இந்த வெறுமைதான் பூங்காவின் நேர்மை.

பூங்காவின் உண்மையான செல்வம் இங்கே முன்பு இருந்த ஊர். 1930களிலிருந்து 1980கள்வரை ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள் இங்கே குடியிருந்தார்கள். ரம்புத்தான் தோட்டம் போட்டார்கள். அவர்களில் ஒருவரான ஹான் வாய் டூன் ரம்புத்தான் வளர்த்துக்கொண்டே பழங்காலப் பீங்கான்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர். தாம் சேர்த்த பீங்கான்களைப் பின்னாளில் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். ஊர் காலியான பிறகு சுவர்களின் மேல் அத்திமர வேர்கள் இறங்கின. இன்று படிக்கட்டு இருக்கிறது, வீடு இல்லை. வாசல் தூண் இருக்கிறது, அதற்குப் பின்னால் மரம்தான் நிற்கிறது. நாற்பது ஆண்டுகளில் ஒரு குடியிருப்பைக் காடு எப்படித் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதை ஒரு குழந்தைக்குக் காட்ட இந்தத் தீவில் இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. மனிதர் நட்டுவிட்டுப்போன ரம்புத்தான் இன்று மந்திக்கும் இரை. 'கன்னிக்காடு' என்று நாம் கொண்டாடும் கற்பனையை இந்த ஊர் அமைதியாக மறுக்கிறது.

அப்படியிருக்க, பாதைகளுக்குப் பெயர் வைத்தவர்கள் இந்தப் பலத்தை முழுசாக நம்பவில்லை. ஐந்து பாதைகளில் ஒன்று மந்தியின் பெயரிலும் இன்னொன்று நீளவால் குரங்கின் பெயரிலும் இருக்கின்றன. 'மந்திப் பாதை' என்று பலகையில் படித்த ஆறு வயதுப் பிள்ளை மந்தியைத்தான் தேடும். அது கண்ணில் படுவது பெரும் அதிர்ஷ்டம். நாம் போடும் சத்தத்தில் இன்னும் அரிது. மாறாக 'இடிபாடுகளும் அத்திமரங்களும்' என்று பெயரிட்ட பாதை சொன்னதை அப்படியே காட்டுகிறது. ஓடைப் பாதையும் ரம்புத்தான் பாதையும்கூட ஏமாற்றுவதில்லை. நகராதவற்றின் பெயரை வைத்தால் வாக்கும் தவறாது. விலங்கை வைத்து விளம்பரம் செய்யும் பழக்கத்தை ஒரு காவற்காடு விட்டுவிட வேண்டும் என்பதே என் முக்கியமான குறை.

நீளவால் குரங்குகள் வேறு விஷயம். அவை வரும். கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் கிட்டவே வரும். தின்பண்டத்தைப் பைக்குள் பூட்டிக்கொள்வது நல்லது. காட்டு விலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம்.

'குடும்பத்துக்கு ஏற்றது' என்ற அடைமொழி இங்கே பாதி உண்மை. தள்ளுவண்டி உள்ளே போகாது. மண்தடம், வேர், படி, மழைக்குப் பின் வழுக்கல் எல்லாம் உண்டு. முழங்கால் வலிக்கும் தாத்தா பாட்டிக்கு, கைவிடப்பட்ட கருங்கல் சுரங்கத்தைச் சுற்றி அமைந்த புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்காவின் செப்பனிட்ட பாதைகளே மேல். உயரத்தில் நடக்கும் கிளர்ச்சி வேண்டுமென்றால் வின்சர் வழியாக ஏறி, 250 மீட்டர் நீளமுள்ள மரவுச்சித் தொங்குபாலத்துக்குப் போகலாம். அங்கே கூட்டமும் அதிகம், நடையும் நீளம்.

ஆகவே என் மதிப்பீடு இது. காவற்காடாகத் தாம்சன் தேறிவிட்டது. இருக்கும் பாதைகளே போதும், மேலும் வசதி சேர்த்துக் கெடுக்கக் கூடாது. குடும்ப நடைக்கு, தானே நடக்கவும் கேள்வி கேட்கவும் தெரிந்த பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு முதல் தேர்வு. கைக்குழந்தைக்காரர்கள் இரண்டு மூன்று ஆண்டு கழித்து வரலாம். மழையில்லாத காலையில், அடிப்பாகம் வழுக்காத செருப்போடு, இடிபாட்டுப் பாதையில் தொடங்குங்கள். நேரம் மிஞ்சினால் மட்டும் மந்திப் பாதை.