ரிங் பெஸரி: கழற்றத் தெரிந்தவருக்கே முழுப் பயன்

கர்ப்பப்பை இறக்கத்துக்கு டாக்டர்கள் உள்ளே வைத்துவிடும் சிலிக்கான் வளையத்தைச் சில மாதங்களாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், அதை நானே கழற்றலாம், நானே திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்பது. வாங்கிய கடையில் இதை யாரும் சொல்லவில்லை. அட்டைப் பெட்டியிலும் எழுதியிருக்கவில்லை. முதலில் வைத்துவிட்ட இடத்தில், "மூணு மாசம் கழிச்சு வாங்க, எடுத்துக் கழுவி வச்சு விடறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வளையத்தின் விவரங்களைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். மருத்துவத் தரச் சிலிக்கான். விட்டம் மில்லிமீட்டரில். மடித்தால் மடியும், விட்டால் விரியும். நடுவில் வெறும் ஓட்டையாக ஒரு வகை, துளையிட்ட மெல்லிய சவ்வு போட்டது ஒரு வகை. பழைய ரப்பர் வளையங்களைப் போல நாற்றம் பிடிக்காது, கொதிநீரில் போட்டாலும் கெடாது. இதைத் தவிர டோனட், கியூப், கெல்ஹார்ன் என்று வேறு வடிவங்களும் உண்டு. இறக்கம் மிக அதிகமாக இருப்பவர்களுக்கு அவை தேவைப்படலாம். நான் பேசுவது ரிங்கைப் பற்றி மட்டும்.

"அடி இறங்கியிருக்கு" என்று நம் வீடுகளில் குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அந்தத் தொந்தரவுக்குத்தான் இது. இடுப்புக் குழியின் அடித்தளத் தசைகளும் நார்களும் தளர்ந்துபோனால் கர்ப்பப்பையோ, முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையோ, பின்னால் இருக்கும் மலக்குடலோ பிறப்புறுப்புக்குள் சரியும். பிரசவம், மாதவிடாய் நின்ற பிறகு குறையும் ஹார்மோன், வருடக்கணக்கான மலச்சிக்கல், விடாத இருமல், கனமான தூக்கு வேலை எல்லாம் காரணங்கள். எனக்கு கர்ப்பப்பை கொஞ்சம், சிறுநீர்ப்பை கொஞ்சம். நாள் முழுக்க நின்று பாடம் நடத்தும் வேலை என்னுடையது. காலையில் ஒன்றும் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அடிவயிறு கனக்கும். கடைசிப் பீரியட் வரும்போது ஏதோ ஒன்று கீழே வந்து தொடையிடுக்கில் இடிக்கும். உட்கார்ந்தால் அதன்மேலேயே உட்காருகிறோமோ என்று தோன்றும். சிறுநீர் கழித்துவிட்டு எழுந்தால் பாதி உள்ளேயே நிற்பதுபோல இருக்கும்.

எங்கள் பாட்டி பழந்துணியைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு நடவுக்குப் போனவர். இதை அவர் இறந்து வெகுகாலம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பழைய கிரேக்க வைத்தியத்தில் பாதி மாதுளம்பழத்தை வைத்து முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ரப்பர் வந்தது, பிறகு பிளாஸ்டிக், இப்போது சிலிக்கான். செங்கல்பட்டுப் பக்கம் கிராமத்துப் பெண்களோடு வேலை செய்யும் ருவ்செக் அமைப்பைச் சேர்ந்தவர்கள், இறக்கத்தோடு வாழும் தமிழ்நாட்டுப் பெண்களின் அனுபவங்களைக் கேட்டு 1999-இல் ஓர் ஆய்வே வெளியிட்டார்கள். அதாவது இது புதிய நோயும் இல்லை, அரிய நோயும் இல்லை. பிள்ளை பெற்ற பெண்களைப் பரிசோதித்துப் பார்த்தால் பாதிப் பேர் வரை ஏதோ ஓர் அளவு இறக்கம் தெரியும் என்கிறது மருத்துவம். அவர்களில் பலருக்குத் தொந்தரவு எதுவும் இருக்காது. இருக்கிறவர்கள் வாயைத் திறப்பதில்லை.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். வளையல்காரர் கையைப் பிடித்துப் பார்த்து அளவு சொல்வாரே, ரிங் போடுவதும் அப்படித்தான். டாக்டர் விரலால் உள்ளே அளந்து, ஓர் உத்தேச அளவைப் போட்டுப் பார்த்து, சரியில்லையென்றால் மாற்றுவார். போட்டபின் வளையத்தின் விளிம்புக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு இருமச் சொல்ல வேண்டும், முக்கச் சொல்ல வேண்டும், நடந்து, குந்தி எழுந்து பார்க்கச் சொல்ல வேண்டும். சிரமமில்லாமல் சிறுநீர் கழித்த பிறகே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எனக்கு முதலில் போட்டபோது இதில் எதுவும் நடக்கவில்லை. படுக்க வைத்தார்கள், வைத்தார்கள், எழுந்து போகச் சொன்னார்கள். அந்த வளையம் கழிப்பறையில் நழுவி விழுந்தது. வேறொரு டாக்டரிடம் போனபோதுதான் மேலே சொன்ன எல்லாம் நடந்தது. அடுத்த அளவு நின்றுவிட்டது.

சரியான அளவு அமைந்ததும் வளையம் இருப்பதே மறந்துபோகும். இது மிகைப்படுத்தல் இல்லை. வலித்தாலோ, உறுத்தினாலோ, சிறுநீர் அடைத்தாலோ அந்த அளவு உங்களுக்கு உரியது இல்லை. பொறுத்துக்கொள்ளாதீர்கள். திரும்பப் போய் மாற்றிக் கேளுங்கள். முதல் அளவு நிற்காதது இயல்பு. அதை வைத்து "உங்களுக்கு ரிங் சரிப்படாது, ஆபரேஷன்தான்" என்று முடிவு கட்டுவதுதான் தவறு.

இந்த இரண்டாவது இடத்தில் ஒரு நர்ஸம்மா இருந்தார். அளவு பார்த்து முடிந்ததும், "இப்ப நீங்களே கழற்றுங்க" என்றார். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. கை தவறி உள்ளே தள்ளிவிட்டால் வயிற்றுக்குள் போய்விடுமே என்றேன். "எங்கயும் போகாதும்மா. அந்தப் பக்கம் அடைச்சிருக்கு" என்றார். எத்தனை எளிய பதில். பிறப்புறுப்பு ஒருபக்கம் மூடிய பை. உச்சியில் கர்ப்பப்பையின் வாய் இருக்கிறது, அதன் துவாரம் மிகச் சிறியது. ஒரு சிலிக்கான் வளையம் அதைத் தாண்டி எங்கும் போக முடியாது. உயிரியல் படித்துப் பட்டம் வாங்கிய எனக்கே என் உடம்பைப் பற்றி இதை இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது.

கழற்றும் விதம் இது. நகம் வெட்டியிருக்க வேண்டும், கை கழுவியிருக்க வேண்டும். குந்தி உட்காரலாம், அல்லது ஒரு காலை முக்காலிமேல் வைத்து நிற்கலாம். ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு வளையத்தின் விளிம்பைக் கொக்கிபோலப் பிடித்து, லேசாக முக்கிக்கொண்டே கீழ்நோக்கி இழுத்தால் பாதி மடிந்து வெளியே வந்துவிடும். விரல் எட்டாதவர்கள் வளையத்தில் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைக் கட்டித் தொங்கவிட்டுக்கொள்ளலாம். போடும்போது இரண்டாக மடித்து, நுனியில் தண்ணீர் அடிப்படையிலான ஜெல்லைத் தடவி, பின்பக்கமாக, முதுகெலும்பின் அடியை நோக்கித் தள்ள வேண்டும். உள்ளே போனதும் தானே விரியும். சோப்பும் தண்ணீரும் போதும், டெட்டால் வேண்டாம். வாரம் ஒரு ராத்திரி கழற்றிக் கழுவி, உலர்த்தி, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போட்டு என் அலமாரியில் வைக்கிறேன். காலையில் எழுந்து போட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு ராத்திரி உடம்புக்கும் ஓய்வு.

தானே கழற்றிப் போடுவது வெறும் வசதி மட்டும் இல்லை. பிரிட்டனில் 340 பெண்களை இரண்டு பிரிவாக்கி நடத்திய டாப்ஸி ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் வழக்கம்போல மருத்துவமனைக்குப் போய் வளையத்தை மாற்றிக்கொண்டார்கள். இன்னொரு பிரிவினருக்கு அரைமணி நேரம் கற்றுக்கொடுத்து, ஒரு கையேட்டையும் சந்தேகம் கேட்க ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுத்தார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தால் வாழ்க்கைத் தரத்தில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. தாங்களே பார்த்துக்கொண்டவர்களுக்குச் சிக்கல்கள் குறைவாகவே இருந்தன, செலவும் குறைந்தது. வேண்டியிருந்தது அரைமணி நேரப் பாடம். நம் ஊரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வளையம் கழுவ வருகிற பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போகிறது, பஸ் காசு போகிறது, கூட வர ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. இதெல்லாம் மிச்சமாகும். வராமலே விட்டுவிடுகிறவர்களின் நிலைமை இன்னும் மோசம். வருடக்கணக்கில் மறந்துபோன வளையம் உள்சுவரை அரித்துப் புண்ணாக்கும், அரிதாகச் சிறுநீர்ப்பைக்கோ குடலுக்கோ ஓட்டை போட்டுவிடும். கழற்றத் தெரிந்தவருக்கு அந்த ஆபத்து வெகுவாகக் குறையும்.

இதனால்தான் பெட்டிக்குள் இருந்த காகிதத்தின்மேல் எனக்குத் தீராத கோபம். கண்ணாடி போட்டும் படிக்க முடியாத பொடி எழுத்தில், முழுக்க ஆங்கிலத்தில், டாக்டருக்குச் சொல்வதுபோல எழுதிய காகிதம் அது. வரைந்திருக்கிற ஒரே படம் படுத்திருக்கும் உடம்பின் குறுக்குவெட்டு. எந்தப் பெண் அப்படிப் படுத்துக்கொண்டு தன் வளையத்தைக் கழற்றுவாள்? கழுவுவது பற்றி ஒரு வரி, கழற்றுவது பற்றி ஒரு வரியும் இல்லை. அளவிலும் குழப்பம். ஒரு தயாரிப்பில் மில்லிமீட்டர், இன்னொன்றில் வெறும் எண். டாக்டர் 70 என்று எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் நாலாம் நம்பரைக் காட்டி இதுதானா என்று கேட்கிறார். ஒரு மிக்ஸி வாங்கினால் தமிழில் படம் போட்ட விளக்கப் புத்தகம் வருகிறது. உடம்புக்குள் போகிற பொருளுக்கு அது வேண்டாமா? தமிழ்நாட்டில் விற்கிற ஒவ்வொரு பெட்டியிலும் குந்தியிருக்கும் ஒரு பெண்ணின் படமும் தமிழில் பத்து வரியும் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

குறைகள் உண்டு. வெள்ளைப்படுதல் கொஞ்சம் கூடும். வளையம் போட்டபிறகு இருமினால், தும்மினால் சிறுநீர் கசியத் தொடங்கலாம். சரிந்திருந்த சிறுநீர்ப்பை அதுவரை குழாயை மடக்கி அடைத்துவைத்திருக்கும், நிமிர்த்தியதும் கசிவு தெரியவரும். எனக்கு லேசாக இருக்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்கு உள்தோல் மெலிந்திருப்பதால் உராய்ந்து புண்ணாகலாம், அதற்கு டாக்டர்கள் ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதித் தருவார்கள். தாம்பத்தியத்துக்கு ரிங் தடையில்லை. கழற்றிவிடலாம், விரும்பினால் உள்ளே இருக்கலாம்.

எல்லாருக்கும் இது போதும் என்று நான் சொல்ல மாட்டேன். நெதர்லாந்தில் 440 பெண்களிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வருட முடிவில் குணம் தெரிவதாகச் சொன்னவர்கள் ஆபரேஷன் பிரிவில் 81.5 சதவீதம், பெஸரி பிரிவில் 76.3 சதவீதம். பெஸரியில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிறகு ஆபரேஷனுக்கு மாறிவிட்டார்கள். ஆபரேஷன் தேவைப்படுகிறவர்கள் தயங்க வேண்டாம். ஆனால் "வயசாச்சு, எடுத்துரலாம்" என்று முதல் பேச்சிலேயே கர்ப்பப்பையை எடுக்கச் சொல்வது வேறு. கர்ப்பப்பையை எடுத்தால் மட்டும் தளர்ந்த தாங்குதல் சரியாகாது. மேல்பகுதியைத் தூக்கிப் பிடித்துத் தைக்காவிட்டால் பிறப்புறுப்பின் உச்சியே கீழே இறங்கலாம். என்னதான் வழிகள் இருக்கின்றன என்று முழுவதும் சொல்லிவிட்டு முடிவை எங்களிடம் விடுங்கள் என்பதே டாக்டர்களிடம் என் வேண்டுகோள்.

வளையம் முட்டுக்கொடுக்கும். மேலிருந்து அழுத்துவதைக் குறைப்பது நம் வேலை. இங்கே எனக்கு மிகவும் உதவியது மூச்சு. தண்ணீர்க் குடத்தையோ, மாவு நிறைந்த கிரைண்டர் பாத்திரத்தையோ தூக்கும்போது நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். அந்த அழுத்தம் முழுவதும் அடியில்தான் இறங்கும். அடித்தசையை முதலில் மேலே இழுத்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்க வேண்டும். இருமல், தும்மல் வருவதற்கு முன்னும் அந்த ஒரு இழுப்பு. கேஸ் சிலிண்டரை இப்போது நான் தூக்குவதில்லை, வீட்டு ஆண்கள் தூக்குகிறார்கள். மலச்சிக்கலுக்குக் கீரை, வாழைத்தண்டு, தண்ணீர். வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலடியில் முக்காலி போட்டு முன்னால் சாய்ந்தால் முக்காமலே போகும். முதுகைக் கூனிக்கொண்டு உட்காருவதை விட்டபிறகு எனக்குக் கனம் குறைந்தது, ஆனால் உட்காரும் நிலை மட்டுமே இறக்கத்தைச் சரியாக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடித்தசைப் பயிற்சிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 1948-இல் ஆர்னால்ட் கீகல் எழுதியதிலிருந்து உலகம் அதை அவர் பெயரால் அழைக்கிறது. யோகா தெரிந்தவர்கள் மூலபந்தத்தை நினைத்துக்கொள்ளலாம். சிறுநீரையும் காற்றையும் சேர்த்து அடக்குவதுபோல உள்ளே, மேலே இழுக்க வேண்டும். பலர் அதற்குப் பதிலாகக் கீழே முக்குகிறார்கள், அது இருப்பதையும் கெடுக்கும். ஒரே ஒருமுறையாவது பிசியோதெரபிஸ்ட்டிடம் சரிபார்த்துக்கொள்வது நல்லது. 2014-இல் லான்செட்டில் வந்த பாப்பி ஆய்வு, தனிப்பட்ட முறையில் கற்றுக்கொடுத்த பெண்களுக்கு இறக்கத்தின் தொந்தரவுகள் குறைந்ததைக் காட்டியது. சில மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

என் தீர்ப்பு: சிலிக்கான் ரிங் நல்ல கருவி, அதை விற்கும் விதமும் கொடுக்கும் விதமும் மோசம். சாயங்கால வேளைகளை எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது, இன்னொன்று வாங்க நேர்ந்தாலும் இதையே வாங்குவேன். வாங்கப் போகிறவர்கள் நான்கைக் கேளுங்கள்: அளவு எண் என்ன, எப்படிக் கழற்றுவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது, அடுத்து எப்போது காட்டுவது. ரத்தக்கறை, துர்நாற்றம், வலி, சிறுநீர் அடைப்பு வந்தால் அந்தத் தேதி வரை காத்திருக்காமல் உடனே போங்கள். முதல்முறை வைத்துவிட்டதும் மேஜையிலிருந்து இறங்காதீர்கள். "ஒருதரம் நானே கழற்றிப் போட்டுக் காட்டுகிறேன், சரியா என்று பாருங்கள்" என்று கேளுங்கள்.